பாப்கேட்டுக்கு ஹைட்ராலிக் பிரஷ்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

சிங்கப்பூரின் தெங்காவில் எங்கள் கட்டுமான சைட் வாசலைத் தாண்டி நாள் முழுக்க மண் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். டயரைக் கழுவித்தான் வெளியே விடுகிறோம். அப்படியும் மழை பெய்த மறுநாள் சாலையில் களிமண் அடை அடையாக ஒட்டிக் கிடக்கும். காய்ந்தால் தூசி, நனைந்தால் மோட்டார் சைக்கிளில் வருபவரை வழுக்கிவிடும் சேறு. இதைப் பெருக்குவதற்காக ஸ்கிட் ஸ்டீயர் லோடர் என்ற சின்ன மண் அள்ளும் வண்டியில், ஆயில் அழுத்தத்தில் சுற்றும் ஹைட்ராலிக் பிரஷ் மாட்டி மூன்று வருடமாக ஓட்டுகிறோம். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் இங்கே அதற்குப் பெயர் பாப்கேட்தான், நானும் அப்படியே எழுதுகிறேன்.

இப்போது இருப்பது இரண்டாவது பிரஷ். முதலில் வாங்கியது நான் தேர்ந்தெடுத்தது, தவறான தேர்வு. பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் 1.8 மீட்டர் அகலத்தில் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தது. "எந்த வண்டிக்கும் பொருந்தும்" என்றார். பொருந்தவும் செய்தது. முன்பக்கத் தகடு பெரும்பாலான கம்பெனிகளுக்கு ஒரே அளவு என்பதால் இரண்டு நிமிடத்தில் மாட்டிவிட்டோம். ஆனால் ஓட ஆரம்பித்ததும் பிரஷ் சோம்பலாகச் சுற்றியது. மண்ணை வாரி பக்கெட்டுக்குள் எறிவதற்குப் பதில் சாலையில் சந்தனம் போல இழுகியது. டிரைவர் தம்பி என்ன செய்வார், பிரஷ்ஷைத் தரையில் இன்னும் அழுத்தினார். அழுத்த அழுத்த அது நின்று நின்று போனது. அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு கீச்சென்று கத்தியது, மதியத்துக்குள் ஆயில் சூடாகி எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இரண்டு மாதம் இப்படியே தள்ளினோம்.

பதில் கனடாவிலிருந்து வந்தது. என் அத்தை மகன் ஒட்டாவாவில் குளிர்காலம் முழுக்க பாப்கேட்டில் பனி ஊதும் மெஷினை மாட்டிக் கார் நிறுத்துமிடங்களைச் சுத்தம் செய்கிறவர். ஒரு நாள் போனில் புலம்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "மச்சான், உன் வண்டி நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் தருது?" எனக்குத் தெரியவில்லை. "அது தெரியாம எப்படி வாங்கினே?" என்றார். பனி மெஷின் வாங்கும்போது அவர்கள் அகலத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆயில் ஓட்டத்தைத்தான் பார்ப்பார்களாம். ஒரே மாடலே வெவ்வேறு அளவு மோட்டாரோடு வரும். குறைந்த ஓட்டம் தரும் வண்டியில் பெரிய மோட்டார் உள்ளதை மாட்டினால் விசிறி மெதுவாகச் சுற்றும், பனி தூரம் போய் விழாது, ஈரப்பனி என்றால் மேலே ஊதும் குழாயே அடைத்துக்கொள்ளும். என் களிமண்ணுக்கு நடந்ததும் அதுதான்.

கணக்கு கடினமில்லை, அதனால் முழுதாகவே சொல்கிறேன். சாதாரண ஓட்டம் உள்ள பாப்கேட்டுகள் முன்னால் மாட்டும் கருவிக்கு, அதாவது அட்டாச்மென்டுக்கு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 முதல் 90 லிட்டர் ஆயில் தரும். ஹை ஃப்ளோ எனப்படும் அதிக ஓட்ட வண்டிகள் 100க்கு மேல், சில 150 வரைகூடத் தரும். அந்த லிட்டரை 1,000ஆல் பெருக்கி, மோட்டார் ஒரு சுற்றுக்கு எத்தனை சிசி ஆயில் குடிக்கிறது என்பதால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். நான் வாங்கிய பிரஷ்ஷில் இருந்தது 560 சிசி மோட்டார். 115 லிட்டர் தரும் வண்டியில் அது 205 சுற்று சுற்றும். எங்கள் வண்டியின் கையேட்டில் 70 லிட்டர் என்று இருந்தது. ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, ஆயில் நன்றாகச் சூடான பிறகு ஃப்ளோ மீட்டர் மாட்டிப் பார்த்தோம். 61தான். பம்ப் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் 109 சுற்று. ஈர மண்ணை எறிய அது போதாது.

கையேட்டில் இருப்பதை நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள் என்று இதனால்தான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் நான் இழந்தது இரண்டு மாதமும், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் ஒரு செட்டும்.

இரண்டாவது பிரஷ் 300 சிசி மோட்டார். அதே 61 லிட்டரில் 203 சுற்று. சிசி குறைந்தால் திருகுவிசையும் குறையும், அதனால் 1.8 மீட்டர் அகலத்தை இழுக்காது. 1.6 மீட்டருக்கு இறங்கினோம். டயரின் வெளி விளிம்பு முதல் வெளி விளிம்பு வரை எங்கள் வண்டி 1.52 மீட்டர், அதை மூடினால் போதும். அதற்கும் குறைந்தால் பெருக்கிய இடத்தில் நம் டயரே மறுபடி மண்ணை மிதித்துப் பரப்பும். எடையையும் பார்த்தோம். சக்கர வண்டிக்கு எழுதியிருக்கும் தூக்கும் திறன், அது குப்புறச் சாயும் எடையில் பாதி. பிரஷ், அதன் பக்கெட், பக்கெட் நிறைய ஈர மண், எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும். ஈரக் களிமண் கனம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் வகை. பக்கவாட்டில் தள்ளும் பிரஷ் விலை குறைவு, வேலையும் வேகம். ஒட்டாவாவில் பனியை ஓரத்தில் எறிந்தால் அங்கேயே கிடந்து வசந்தத்தில் உருகிவிடும். இங்கே சாலை ஓரம் என்றால் வடிகால். அதில் மண் விழுந்தால் அடுத்த மழைக்குக் கலங்கல் நீராகக் கால்வாய்க்குப் போகும். சைட்டிலிருந்து வடிகாலுக்குப் போகும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வண்டல் இருக்கக் கூடாது என்பது நீர், வடிகால்களைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் (PUB) விதி. தண்ணீர் பாய்ச்சிக் கழுவித் தள்ளுவதும் அதே தவறுதான். ஆகவே வாரி பக்கெட்டுக்குள் போட்டுக்கொள்ளும் வகையைத் தவிர வேறு எதையும் இந்த ஊர்ச் சைட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். வேகம் குறைவுதான், பக்கெட் நிறைந்ததும் உள்ளே போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். பரவாயில்லை.

இந்த வண்டி பிறந்த கதையும் பெருக்குகிற கதைதான். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வான்கோழிப் பண்ணைக்காரர் ஒருவருக்குக் கொட்டகையின் எருவை அள்ளச் சின்ன வண்டி தேவைப்பட்டது. கெல்லர் சகோதரர்கள் 1957இல் மூன்று சக்கரத்தில் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். நின்ற இடத்திலேயே திரும்பும் அந்தக் குணம்தான் இன்று சைட் வாசல் நெரிசலில் எங்களுக்குக் கை கொடுக்கிறது.

தினசரிப் பழக்கத்தில் கற்றுக்கொண்டது ஒன்று, பிரஷ் எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும் என்பது. காய்ந்த, தூசி படிந்த தரையில் வண்டியை நிறுத்தி, பிரஷ்ஷை இறக்கி, நகராமல் பத்து வினாடி சுற்றவிட்டுத் தூக்கினால் தரையில் சுத்தமான ஒரு பட்டை தெரியும். அதன் அகலம் 5 முதல் 10 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சரி. ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் இருந்தால் பிரஷ் சாய்ந்திருக்கிறது, ஒரு பக்கம் சீக்கிரம் தேயும். பட்டை அதிக அகலம் என்றால் நுனிக்குப் பதில் நாரின் வயிறு தேய்கிறது. காய்ந்த சாலையில் அப்படி ஓட்டினால் பிளாஸ்டிக் நாரின் நுனி உருகிக் குண்டூசித் தலை மாதிரி உருண்டுவிடும். எங்கள் முதல் செட் நார் அப்படித்தான் நான்கே மாதத்தில் போனது. இப்போது ஏழு மாதம் வருகிறது.

கம்பியும் பிளாஸ்டிக்கும் கலந்த செட் களிமண்ணை நன்றாகப் பிய்க்கும். ஆனால் கம்பி ஒடிந்து சாலையில் கிடந்தது. மிதிவண்டிகள் போகும் பாதை அது. அதனால் வெளியே முழு பிளாஸ்டிக், கலப்பு செட் சைட்டுக்கு உள்ளே மட்டும். அடை கட்டிய மண்ணை முதலில் பக்கெட் விளிம்பால் சுரண்டிவிட்டு, அரை ஈரமாக இருக்கும்போது பெருக்கினால் பிளாஸ்டிக்கே போதும். வேலை முடிந்ததும் நாரின் மேல் நிற்க வைக்காதீர்கள், ஒரு பக்கம் தட்டையாகி அடுத்த நாள் குதிக்கும். தாங்குகால் இருந்தால் அதை இறக்குங்கள், இல்லாவிட்டால் இரண்டு மரக்கட்டை.

வெயிலில் கழற்றிப் போட்ட அட்டாச்மென்டின் ஹோஸ் மறுபடி மாட்டாது. உள்ளே அடைபட்ட ஆயில் சூட்டில் விரிந்து, ஹோஸை இணைக்கும் கப்ளரை இறுக்கிவிடும். சுத்தியலால் தட்டிக் கப்ளரை உடைத்த ஆட்கள் எங்களிடமும் உண்டு. கழற்றும்போதே எஞ்சினை அணைத்து, லைனில் உள்ள அழுத்தத்தை விடுவித்துவிட்டுக் கழற்றி, நிழலில் வையுங்கள். தூசி தணிக்கும் தண்ணீர் டேங்க் இருந்தால் மாலையில் காலி செய்யுங்கள். மறந்து விட்ட தண்ணீர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடப் போதும்.

இரண்டு தடித்த ஹோஸுக்குப் பக்கத்தில் மெலிந்த மூன்றாவது ஒன்று வரும், மோட்டாருக்குள் கசியும் ஆயிலைத் திருப்பி அனுப்புவது. எங்கள் ஆள் ஒரு நாள் அதை மாட்ட மறந்தார். பத்து நிமிடத்தில் மோட்டாரின் சீல் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. அந்த ஹோஸுக்கு இப்போது சிவப்பு டேப் சுற்றியிருக்கிறோம்.

அன்றைக்கு இன்னொன்றும் நடக்கப் பார்த்தது. ஆயில் எங்கிருந்து வருகிறது என்று தேட அந்தத் தம்பி கையை ஹோஸ் ஓரமாகக் கொண்டுபோனார். கத்திக் கையைப் பிடித்து இழுத்தேன். 200 பார் அழுத்தத்தில் ஊசித் துளை வழியாக வரும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். கசிவைத் தேடக் கையை நீட்டாமல் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், கையால் தொடுவதற்கு முன் எஞ்சினை அணைத்து அழுத்தத்தை விடுங்கள். ஊரில் அவருக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1,900 மணி நேரம் ஓடியிருக்கிறது. மோட்டார் சீல் ஒரு முறை, பேரிங் ஒரு ஜோடி, நார் ஐந்து செட். ஆயில் சூடு விளக்கு இந்த பிரஷ்ஷில் ஒரு முறைகூட எரியவில்லை. சாலைத் திட்டோரத்தில் ஒரு சாண் அகல மண் மட்டும் பிடிபடாமல் நிற்கும், அதை ஆள் வைத்துத்தான் வாருகிறோம்.

அந்தத் தம்பிதான் இப்போதும் டிரைவர். தினமும் காலை ஏழரைக்கு, முதல் லாரி வருவதற்கு முன்னால், வாசலில் பிரஷ்ஷை இறக்கித் தூக்கிவிட்டு, பட்டையை அளக்க அளவு டேப்போடு குனிகிறார். இன்று ஏழு சென்டிமீட்டர், இரு முனையிலும்.