லேக்கன்ஹீத் வேலியா, மேக் லூப் மலையா?

பிரிட்டனில் பயிற்சியில் இருக்கும் போர் விமானங்களைக் கிட்டத்தில் படம் எடுக்க நினைப்பவர்கள் கடைசியில் இந்த இரண்டு இடங்களில்தான் வந்து நிற்பார்கள். கிழக்கே சஃபோக்கில் லேக்கன்ஹீத் விமானத்தளத்தின் வேலியோரம். மேற்கே வேல்ஸ் மலைகளுக்கு நடுவில் மேக் லூப் பள்ளத்தாக்கு. இரண்டையும் பார்த்துவிட்டேன். இனி என் லீவு நாட்கள் மலைக்குத்தான்.

லேக்கன்ஹீத்துக்குப் போனால் வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம். அமெரிக்க விமானப்படையின் எஃப்-15இ விமானங்களும், 2021 டிசம்பரிலிருந்து எஃப்-35ஏ விமானங்களும் அங்கே இருக்கின்றன. வானிலை ஒத்துழைத்தால் வார நாட்களில் ஏதாவது ஒன்று ஏறும், இறங்கும். காரிலிருந்து நாலு எட்டு நடந்தால் போதும். முட்டிவலி உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களும் யோசிக்காமல் இங்கேயே போகலாம்.

ஆனால் படம் என்று வரும்போது எனக்குப் பின்னணிதான் எல்லாம். வேலியோரம் நின்றால் விமானம் தலைக்கு மேலே போகிறது. கிடைப்பது அதன் அடிவயிறும் வெள்ளை வானமும். கேமரா வானத்தின் வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்து விமானத்தைக் கருப்பாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, ஏற்ற வேண்டியிருக்கும். ஓடுபாதையில் உருளும் விமானத்தை எடுக்கலாம் என்றால், கோடையில் தார்ச்சூட்டின் அலை நடுவில் வந்து நிற்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அந்த அலைக்கு முன்னால் தோற்றுப்போகும்.

மேக் லூப்பில் ஜெட்கள் தரையிலிருந்து 250 அடி வரை தாழ்ந்து பள்ளத்தாக்குக்குள் வரும். நாம் நிற்பதோ சரிவின் மேலே. அதனால் விமானம் நம் கண் மட்டத்தில், சில சமயம் அதற்கும் கீழே போகும். முதுகு முழுவதும் தெரியும், பின்னால் பச்சைச் சரிவு. ஈரப்பதமான நாளில் திருப்பத்தில் இறக்கையின் மேல் வெள்ளை ஆவி படர்வதையும், ஹாக் பயிற்சி விமானத்தின் கண்ணாடிக்குள் விமானியின் ஹெல்மெட் வளைவை நோக்கித் திரும்புவதையும் ஒரே படத்தில் பிடிக்கலாம். ஷட்டர் வேகத்தை 1/640 நொடி அளவுக்குக் குறைத்து, விமானத்தோடு சேர்ந்து கேமராவைத் திருப்பினால், பாறையும் புல்லும் கோடுகளாக இழுபட்டு வேகம் படத்திலேயே தெரியும். வெறும் வானத்தின் முன்னால் எந்த ஷட்டர் வைத்தாலும் இது வராது.

சிக்கலும் இருக்கிறது. ஃபோகஸ் விமானத்தை விட்டுச் சரிவின் மேல் தாவும். இருண்ட மலையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். சாம்பல் நிற விமானம் வெளிறிப்போகும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் போலக் குறைத்துக்கொள்வது என் வழக்கம்.

லென்ஸுக்கு 100-400 மி.மீ. ஜூம் போதும். செங்குத்தான ஏற்றம் என்பதால் பெரிய 500 மி.மீ. பிரைமை (ஜூம் இல்லாத லென்ஸை) தூக்கிப்போக எனக்கு மனம் வரவில்லை. பனிக்காலத்தில் அங்கே ஏறியதில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன். மேக் லூப்பில் கேட் வெஸ்ட் என்ற சரிவுதான் எனக்குப் பழக்கம்; மற்ற சரிவுகளை அதிகம் அறியேன்.

அப்புறம், நாள் முழுக்கக் காத்திருந்தும் ஒன்றுமே வராமல் போகலாம். பாதுகாப்பு அமைச்சகம் தாழ்வுப் பறத்தலுக்கான நேர அட்டவணையை வாராவாரம் வெளியிடுகிறது. அதில் நேரம் ஒதுக்கியிருக்கிறது என்பதற்காக விமானம் வந்தே தீரும் என்று நம்பிவிட வேண்டாம். சனி, ஞாயிறில் வழக்கமான பயிற்சி இருக்காது. லீவைத் திங்கள் முதல் வியாழனுக்குள் போடுங்கள், மழைக்கோட்டையும் சாப்பாட்டையும் கையோடு எடுத்துப்போங்கள். மேலே கடை எதுவும் கிடையாது.