பதினாறு வயதில் பள்ளி மாற்றுவதா? லண்டன் தனியார் சிக்ஸ்த் ஃபார்ம்கள்: ஓர் ஒப்பீடு

மகளுக்கு வரும் கோடையில் ஜிசிஎஸ்இ, பதினாறு வயதில் எழுதும் பொதுச் சோதனை. அதற்குப் பிறகு ஏ லெவல் போன்றவை படிக்கிற பள்ளியின் கடைசி இரண்டு வருசம்தான் சிக்ஸ்த் ஃபார்ம். ஹரோவில் வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் பதினோராம் ஆண்டு படிக்கிறாள். கணிதமும் இரசாயனவியலும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வரலாற்றுப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால், சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. செப்டெம்பரிலிருந்து கோயிலிலும் கலியாண வீட்டிலும் என்னிடம் ஒரே கேள்விதான்: "என்ன தங்கச்சி, பிள்ளையைப் பிரைவேட்டுக்கு விடப் போறியளோ?"

அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடி இரண்டு மாதமாக, பள்ளிகளைப் பெற்றோர் நேரில் போய்ப் பார்க்கும் ஓப்பன் ஈவினிங்குகளுக்கு அலைந்தோம். கண்டதையும் எங்கள் கணக்கையும் எழுதிவைக்கிறேன். அடுத்த வருசம் இதே அலைச்சலில் இருக்கப் போகிற தாய் தகப்பனுக்கு உதவும்.

முதலில் ஒரு விசயம். நம்மில் பலருக்கு ஏ லெவல் என்றால் ஊரில், இலங்கையில், இருக்கிற ஏ.எல். தான் மனதில் வருகிறது. ஊரில் சோதனை எழுதி, இசட் புள்ளி வந்து, வெட்டுப்புள்ளி பார்த்த பிறகுதான் கம்பஸ் கிடைக்குமா இல்லையா என்பது தெரியும். விடைத்தாள் திருத்துகிறவருக்குப் பிள்ளை எந்தப் பள்ளி என்று தெரியாது. பள்ளிக்கூடம் எப்படி இருந்தாலும் நல்ல ரியூசன் வாத்தியார் ஒருவர் கிடைத்தால் கரையேறலாம்.

இங்கே முறை வேறு. சோதனை எழுதுவதற்கு முன்னரே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிஜ், மருத்துவம் என்றால் பதின்மூன்றாம் ஆண்டின் ஒக்டோபர் 15 கடைசி நாள். அதற்குள் பள்ளி, பிள்ளைக்கு என்ன பெறுபேறு வரும் என்று கணித்துக் கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள் ரெஃபரன்ஸ் எழுத வேண்டும். செப்டெம்பரில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையை அடுத்த ஜூலை வரை பார்த்தவர்கள் அந்தக் கணிப்பையும் கடிதத்தையும் எழுதுகிறார்கள். கையில் இருப்பது பத்தே பத்து மாதம். இரண்டு வருசப் படிப்பு என்று நினைத்துக் காசு கட்டுகிறோம். பிள்ளையின் அடுத்த படியைத் தீர்மானிக்கிற வேலையோ முதல் வருசத்திலேயே பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது.

ஆகவே போன இடமெல்லாம் எனக்கு இருந்த கேள்வி ஒன்றுதான்: இந்தப் பத்து மாதத்தில் என் பிள்ளையை யார் அறிந்துகொள்ளப் போகிறார்கள்?

பழைய பெயர்பெற்ற பகல் பள்ளிகள்

வெஸ்ட்மின்ஸ்டர், ஹமர்ஸ்மித்தில் சென் போல்ஸ் பெண்கள் பள்ளி, லற்றிமர் அப்பர், ஹைகேட், பார்பிக்கனில் சிட்டி ஒஃப் லண்டன் பெண்கள் பள்ளி, விம்பிள்டன் கிங்ஸ் கொலிஜ் ஸ்கூல். நம்மவர்கள் "பிரைவேட்" என்று சொல்லும்போது நினைப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். பதிவு கோடையிலோ இலையுதிர் காலத் தொடக்கத்திலோ முடிந்துவிடும். நவம்பர் அளவில் சோதனை, நேர்முகம்; கிறிஸ்மஸுக்கு முன் பதில். ஜிசிஎஸ்இ முடிவு வந்த பிறகு பார்ப்போம் என்று இருந்தால் வண்டி போய்விடும்.

இவற்றின் உண்மையான பலம் கட்டடத்திலும் இல்லை, பெயரிலும் இல்லை. ஒரு பள்ளியின் இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் நின்றோம். ஆசிரியை செப்புச் சல்பேற்றுப் பளிங்கு ஒன்றைக் கையில் எடுத்து, "சூடாக்கினால் இந்த நீலம் வெள்ளையாகும், தெரியும்தானே. ஏன்?" என்று மகளிடம் கேட்டார். நீர் போய்விடுவதால் என்றாள். "நீருக்கு நிறமில்லையே, அது போனால் நிறம் ஏன் போகிறது?" என்றார். ஜிசிஎஸ்இயில் நிறம் மாறும் என்பதோடு சரி. காரணம் ஏ லெவலில்தான் வரும். மகள் யோசித்தாள். அவர் பதில் சொல்லித் தரவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பின்னால் வேறு குடும்பங்கள் காத்து நிற்க, ஐந்து நிமிடமாவது அப்படியே பொறுமையாக நின்றார். திரும்பி வரும் இரயிலில் மகள் வேறெதையும் பேசவில்லை.

இப்படிப்பட்ட ஆசிரியர்கள் ஒரே துறையில் ஐந்தாறு பேர் இருப்பதும், பக்கத்து மேசையில் இருக்கிற பிள்ளையும் இதே கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோகிற பிள்ளையாக இருப்பதும்தான் அங்கே கட்டும் காசுக்குக் கிடைப்பது. வகுப்பு சிறியது. பாடத்திட்டத்துக்கு வெளியே பேச நேரம் இருக்கிறது. லத்தீன், கிரேக்கம் போன்ற பாடங்கள் இரண்டு பேர் கேட்டாலும் நடக்கும் இடங்கள் உண்டு.

குறை என்னவென்றால், பெரும்பாலான பிள்ளைகள் பதினொரு வயதிலோ பதின்மூன்று வயதிலோ சேர்ந்தவர்கள். நட்பு, குழு, ஆசிரியருடன் பழக்கம் எல்லாம் ஏற்கெனவே அமைந்துவிட்டது. பதினாறில் போகிற பிள்ளை நடுவில் நுழைகிறது. ஆகவே, "பன்னிரண்டாம் ஆண்டில் புதிதாக எத்தனை பேரைச் சேர்க்கிறீர்கள்?" என்று கட்டாயம் கேளுங்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் அந்த வயதில் பெண்பிள்ளைகள் ஒரு பெரிய தொகுதியாகவே சேர்வதால் புதியவள் தனித்து நிற்க மாட்டாள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை மட்டும் எடுக்கிற பள்ளியில் நிலைமை வேறு. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை அங்கே முதல் தவணை முழுவதும் வாய் திறக்காமல் இருந்துவிட்டால், பத்து மாதத்தில் நான்கு மாதம் போய்விடும்.

ட்யூட்டோரியல் கல்லூரிகள்

சவுத் கென்சிங்டனில் 1973இல் தொடங்கிய எம்பிடபிள்யூ இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. ஒரு வகுப்பில் பத்துப் பேருக்கும் குறைவு, சீருடை இல்லை, பழைய வினாத்தாள்களை ஒழுங்காகச் செய்வித்துத் திருத்துவார்கள். பத்து மாதத்தில் பிள்ளையை அறிந்துகொள்வார்களா என்றால், எட்டுப் பேர் உள்ள வகுப்பில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. எல்லாரும் புதியவர்கள் என்பதால் நடுவில் நுழைகிற சங்கடமும் கிடையாது.

பள்ளியில் நொந்துபோன பிள்ளை, நோயால் மாதக்கணக்கில் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளை, ஒரு பாடத்தைத் திரும்ப எழுத வேண்டிய பிள்ளை ஆகியோருக்கு இது பெரிய கொடை. நன்றாகவே படித்துக்கொண்டிருக்கும், கேள்வி கேட்டே வளர்கிற பிள்ளைக்கு இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனம் வரவில்லை. சோதனையில் புள்ளி எடுக்கும் கலை அவளுக்கு ஏற்கெனவே வரும். அவளுக்கு வேண்டியது சோதனைக்கு அப்பால் போகிற பேச்சு.

கார்டிஃப் சிக்ஸ்த் ஃபார்ம் கொலிஜ் பற்றியும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஏ லெவல் பெறுபேற்றுப் பட்டியல்களில் அது பல ஆண்டு முதலிடத்தில் இருந்தது உண்மை. விடுதிக் கல்லூரி, மாணவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பிள்ளைகள். கடுமையாகத் தெரிந்தெடுத்துச் சேர்க்கிற இடத்தில் பெறுபேறு உயர்ந்திருப்பதில் அதிசயமில்லை. பட்டியலைப் பார்க்கும்போது எந்தப் பள்ளியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: பன்னிரண்டில் தொடங்கியவர்களில் எத்தனை பேர் பதின்மூன்றை அதே இடத்தில் முடித்தார்கள்? 2017இல் லண்டனில் நுழைவுச் சோதனை வைத்துப் பிள்ளை எடுக்கும் அரசு கிராமர் பள்ளி ஒன்று, பன்னிரண்டாம் ஆண்டில் எதிர்பார்த்த புள்ளி எடுக்காத பிள்ளைகளை அடுத்த ஆண்டுக்கு எடுக்க மறுத்து, பெற்றோர் சட்ட நடவடிக்கையில் இறங்கிய பிறகுதான் பின்வாங்கியது. அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும், நடுவில் கழித்துவிட்டால் பட்டியல் அழகாகத்தான் தெரியும்.

ஐபி

கென்ட்டில் உள்ள செவனோக்ஸ் பள்ளியின் சிக்ஸ்த் ஃபார்மில் ஏ லெவலே இல்லை, ஐபி என்ற சர்வதேச டிப்ளோமா மட்டும்தான். ஆறு பாடம், அதில் மூன்று உயர்மட்டம், 4000 சொல்லில் ஓர் ஆய்வுக் கட்டுரை, மொத்தம் 45 புள்ளி. இரசாயனவியலையும் வரலாற்றையும் ஒன்றாகக் கட்டிப்பிடித்திருக்கும் என் மகளுக்கு இதைக் கேட்டவுடன் கண் விரிந்தது. பதினாறு வயதில் ஒரு கதவை அடைக்கச் சொல்லாத முறை. அது பெரிய விசயம். ஆனால் ஹரோவிலிருந்து தினமும் போய்வர முடியாது, விடுதிக் கட்டணம் எங்கள் எல்லைக்கு அப்பால். ஒன்றை மட்டும் ஆழமாகத் தோண்ட ஆசைப்படும் பிள்ளைக்கு ஆறு பாடம் சுமையாகும் என்பதையும் யோசியுங்கள்.

காசில்லாமல் கிடைப்பவை

இவற்றைப் பக்கத்தில் வைக்காமல் தனியார் பள்ளியை எடைபோடவே முடியாது. 2014இல் தொடங்கிய ஹரிஸ் வெஸ்ட்மின்ஸ்டர், வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியுடன் கூட்டாக நடக்கிறது. அதே ஆண்டு லம்பெத்தில் தொடங்கிய கிங்ஸ் மாத்ஸ் ஸ்கூல், கணிதப் பித்துப் பிடித்த பிள்ளைகளுக்கென்றே உள்ளது. ஸ்ட்ராட்ஃபோர்டில் லண்டன் அகாடமி ஒஃப் எக்ஸலன்ஸ், வடக்கே ஹென்ரியேற்றா பார்னெற். நம்மவர் நிறைந்த ஈஸ்ட் ஹாமில் பிராம்ப்டன் மேனர்: 2021இல் ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிஜ் இடங்களுக்கு அங்கே 55 பிள்ளைகளுக்கு அழைப்பு வந்தது, அந்த ஆண்டு பெயர்பெற்ற தனியார் ஆண்கள் பள்ளியான ஈட்டனுக்கு 48.

சிக்ஸ்த் ஃபார்ம் மட்டுமே நடத்தும் இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் புதியவர்கள். வகுப்பு பெரியது, உண்மைதான். ஆனால் பத்து மாதத்தில் பிள்ளையை அறிந்து எழுதுவதுதான் அவர்களுக்கு ஒவ்வொரு வருசமும் வேலை. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: ஒக்ஸ்ஃபோர்ட் நடத்தும் யூனிக் என்ற இலவச உதவித்திட்டம் பன்னிரண்டாம் ஆண்டில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கானது. பதினாறில் தனியாருக்கு மாறும் பிள்ளை அப்படியான கதவுகளையும் விட்டுப் போகிறது.

காசு

2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 வீதம் வற் (பெறுமதி சேர் வரி) சேர்ந்துவிட்டது. லண்டன் பகல் பள்ளி ஒன்றுக்கு வருசம் 30,000 பவுண் அளவில் நினைத்துக்கொள்ளுங்கள்; ஈட்டன் மாதிரி விடுதிப் பள்ளி 60,000ஐத் தாண்டிவிட்டது. வருமான வரி கட்டி மிஞ்சின காசில் கொடுப்பது. அதன் பிறகு பல்கலைக்கழகச் செலவு காத்திருக்கிறது.

ஸ்காலர்ஷிப் என்ற சொல்லில் மயங்க வேண்டாம். அது பல இடங்களில் கௌரவம், கழிவு சிறியது. கைகொடுப்பது பேர்சரி, அதாவது குடும்ப வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத் தருவது. சில பள்ளிகளில் முழுக் கட்டணமும் கிடைக்கும். ஆண்பிள்ளை என்றால் ஈட்டனின் ஓர்வெல் விருதைப் பாருங்கள்: அரசுப் பள்ளி மாணவருக்கு இரண்டு வருச சிக்ஸ்த் ஃபார்ம் முழுவதும் இலவசம். 1552இல் லண்டனில் தொடங்கி இப்போது ஹோர்ஷமில் இருக்கும் கிரைஸ்ட்ஸ் ஹொஸ்பிற்றல் பள்ளியில் பெரும்பாலான பிள்ளைகள் உதவிப் பணத்தில்தான் படிக்கிறார்கள். பேர்சரி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அறக்கட்டளை அந்தஸ்து உள்ள பள்ளிகள் பொதுநலனுக்கு உதவ வேண்டும், பேர்சரி அதற்கு ஒரு வழி.

ஓர் எச்சரிக்கை. இடம் கிடைத்ததும் முற்பணம் கட்டிக் கையெழுத்து வைப்பீர்கள். அந்த ஒப்பந்தத்தில், விலகுவதானால் ஒரு முழுத் தவணைக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும், தவறினால் ஒரு தவணைக் கட்டணம் முழுவதும் கட்ட வேண்டும் என்று இருக்கும். எங்களுக்கு வேண்டிய ஒரு குடும்பத்தில் ஓகஸ்டில் ஜிசிஎஸ்இ பெறுபேறு வந்ததும் பிள்ளை கிராமர் பள்ளிக்கே போகிறேன் என்று நின்றான். ஒரு நாள்கூட வகுப்பில் இருக்காத பள்ளிக்கு அவர்கள் பத்தாயிரம் பவுணளவில் கட்டினார்கள். கையெழுத்து வைக்க முன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசியுங்கள்.

எங்கள் முடிவு

இருக்கிற பள்ளியிலேயே தொடர்வதுதான் என் முதல் விருப்பமாக இருந்தது. தடை ஒன்றுதான்: ஃபேர்தர் மாத்ஸ், அதாவது ஏ லெவல் கணிதத்தோடு தனிப் பாடமாக எடுக்கிற மேல் கணிதம். ஊரில் தூய கணிதம், பிரயோக கணிதம் என்று இரண்டாகப் படித்த தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். போன வருசம் பிள்ளைகள் போதவில்லை என்று எங்கள் பள்ளியில் அந்த வகுப்பே நடக்கவில்லை. கணிதமோ பொறியியலோ படிக்க நினைக்கிற பிள்ளைக்கு அது இல்லாமல் போவது உண்மையான இழப்பு.

அதனால் ஹரிஸ் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் ஹென்ரியேற்றா பார்னெற்றுக்கும் விண்ணப்பிக்கிறோம். தனியாரில், அந்தச் செப்புச் சல்பேற்று ஆசிரியை இருக்கிற பள்ளிக்கு மட்டும் சோதனை எழுதியிருக்கிறாள். பேர்சரிப் படிவமும் கொடுத்தாயிற்று. பாதிக்கு மேல் உதவி கிடைத்தால் அதைத்தான் எடுப்போம். முழுக் கட்டணம் என்றால் இல்லை. இரண்டு வருசத்துக்கு அறுபதாயிரம் பவுணுக்கு மேல் கடன்பட்டு வாங்குமளவு வித்தியாசத்தை, இலவசமாகக் கிடைக்கும் அந்த இரண்டு இடங்களுக்கும் இதற்கும் இடையில் நான் காணவில்லை. இதை மகளிடமும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

அவளுக்கு வருத்தம் வேறு. "அம்மா, எங்க போனாலும் சேர் வரமாட்டார்தானே" என்றாள். சேர் என்றது அவளுடைய இப்போதைய இரசாயனவியல் ஆசிரியரை. ஓப்பன் ஈவினிங் முடிந்த மறுநாள் அதே கேள்வியை அவரிடம் கொண்டுபோயிருக்கிறாள். அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வுகூடத்தைத் திறந்து, பன்சன் சுடரடுப்பைப் பற்றவைத்து, பளிங்கை வெள்ளையாக்கி, ஒரு துளி நீர் விட்டு மறுபடி நீலமாக்கிக் காட்டிவிட்டு, "இனி நீ சொல்லு" என்று தன் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தாராம்.