பிரம்பு, பலகை, பார்வை: கடலோர வகுப்புக்கு எந்தக் கண்டிப்பு?

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "முதல் நாளே சிரிச்சுடாதீங்க, தலைக்கு மேல ஏறிடுவாங்க" என்பதுதான். கண்டிப்பாக இருக்க வேண்டும், சரி. எந்தக் கண்டிப்பு? ஒரு பையனை வைத்தே பார்க்கலாம். பாம்பன் பக்கம், எட்டாம் வகுப்பு. விசைப்படகுகள் கரை திரும்பிய காலை. அப்பாவோடு இறால் பிரித்துவிட்டு, முதல் பீரியட் பாதியில் வருகிறான். சட்டைக் கையில் ஐஸ் தண்ணீர் ஈரம் காயவில்லை. மூன்றாவது பெஞ்சில் தலையைச் சாய்த்துவிடுகிறான்.

பிரம்பு பிடிக்கிறவரிடம் அவனுக்கு இரண்டு அடி, இல்லையென்றால் முட்டி. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பெற்றோரே சொல்வார்கள். அதை நம்பி இறங்கிவிடாதீர்கள். பிரம்படிக்கு இடம் தந்த விதியைத் தமிழ்நாடு 2003லேயே நீக்கிவிட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இந்த மாவட்டத்தில் பிரம்புக் கட்சிக்காரர்கள் கலாமைச் சாட்சிக்கு இழுப்பார்கள். ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் தெரியாமல் வேறு வகுப்புக்குள் நுழைந்த அவரைக் கணக்கு ஆசிரியர் ராமகிருஷ்ண ஐயர் அடித்ததும், பிறகு கலாம் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியபோது, தன்னிடம் அடி வாங்கியவன் பெரிய ஆளாவான் என்று காலைக் கூட்டத்தில் பெருமைப்பட்டதும் உண்மைதான். கலாமே எழுதியிருக்கிறார். ஆனால் அதே பள்ளியில் தன்னை உருவாக்கியவராக அவர் மனம்விட்டுப் பேசுவது, நம்பிக்கை ஊட்டி வளர்த்த அய்யாதுரை சாலமனைப் பற்றி. அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

அடுத்தது பலகை. 1976இல் அமெரிக்காவில் லீ கான்டர், மார்லின் கான்டர் தம்பதி முன்வைத்த முறை. விதிகளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மீறினால் பலகையில் பெயர், அது எச்சரிக்கை. மறுபடி மீறினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு டிக், ஒவ்வொரு டிக்குக்கும் விளைவு கூடும், ஒரு கட்டத்தில் வீட்டுக்குத் தகவல் போகும். நம்மூர் கிளாஸ் லீடர் சாக்பீஸோடு நின்று "பேசுறவங்க பேர்" எழுதுகிறாரே, அது இதில்லை. அங்கே லீடருக்கு ஆகாதவன் பெயர்தான் முதலில் வரும். கான்டர் முறையில் ஆசிரியர்தான் எழுதுவார், எல்லோருக்கும் ஒரே அளவுகோல், நன்றாக நடப்பவர்களுக்குப் பாராட்டும் உண்டு. இதில் எனக்குப் பிடித்தது, கோபம் தேவையில்லை என்பது. பிடிக்காதது, பெயர் ஏறிய பையன் கொஞ்ச நாளில் அதைப் பதக்கமாக மாட்டிக்கொள்வது. பின்னாளில் கான்டர்களே பலகையை விட்டுக் குறிப்பேட்டுக்கு மாறினார்கள். நம் பையன் விஷயத்தில் இன்னொரு சிக்கல்: வீட்டுக்கு போன் போட்டால் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார், அம்மா கடல்பாசி எடுக்கப் போயிருப்பார். எடுத்துப் பேச ஆள் இருக்காது.

லண்டனில் 2014இல் தொடங்கிய மிக்கேலா பள்ளி போன்றவை இன்னும் ஒரு படி மேலே. வராந்தாவில் பேச்சே கூடாது, பேனா மறந்தால்கூட கூடுதல் நேரம் உட்கார வேண்டும். தேர்ச்சியில் பெயர் வாங்கிய பள்ளிதான், மறுக்கவில்லை. ஆனால் அது முழுப் பள்ளியும் சேர்ந்து நடத்துகிற ஏற்பாடு. ஒரு பயிற்சி ஆசிரியர் தனியாக அதை ஆரம்பித்தால் பக்கத்து வகுப்புச் சத்தத்திலேயே கரைந்துவிடும். தொண்டிப் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணைச் சாயங்காலம் நிறுத்தி வைத்தால் பஸ் போய்விடும், அப்புறம் அவள் வீட்டுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

என் ஓட்டு அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனினுக்கு. வகுப்புகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970இல் அவர் சொன்னது பலருக்கு உறைக்கவில்லை. தப்பு நடந்த பிறகு ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில், நன்றாக வகுப்பு நடத்துபவருக்கும் திணறுபவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. எல்லாம் ஆசிரியர் கண்ணில் படுகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது, இரண்டு காரியத்தை ஒரே நேரத்தில் கவனிப்பது, பாடத்தை நடுவில் அறுக்காமல் கொண்டுபோவது. கூனின் வழியில் போகிற ஆசிரியர் நம் பையனுக்காகப் பாடத்தை நிறுத்தமாட்டார். பேசிக்கொண்டே மூன்றாவது பெஞ்சுக்குப் போய் நோட்டின் மேல் விரலால் தட்டுவார், "முகம் கழுவிட்டு வா" என்பார், வந்ததும் அடுத்த கணக்கைப் பலகையில் போடச் சொல்வார். எப்போது படுத்தாய் என்ற கேள்வி பெல் அடித்த பிறகு, தனியாக. ஆனால் நோட்டை முடித்தாக வேண்டும், அதில் தள்ளுபடி இல்லை. கண்டிப்பு என்றால் எனக்கு இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. முதல் வாரம் உங்களுக்குப் பிள்ளைகளின் பெயரே தெரியாது, கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னால் நடப்பது தெரியாது. அதுவரை கான்டரிடம் மூன்று விதிகளை மட்டும் கடன் வாங்குங்கள், பெயர் எழுதும் வேலை வேண்டாம். இருக்கை வரைபடம் ஒன்று போட்டுப் பெயர்களை மனப்பாடம் செய்யுங்கள். ஸ்லிப் டெஸ்ட்டைப் படகு திரும்பும் காலையில் வைக்காதீர்கள். எந்தக் கிழமை என்று கடைசி பெஞ்சில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.