செகண்ட் ஹேண்ட் இன்டெல் 13900கே, 14900கே ப்ராசசர் வாங்கி ஓவர்க்ளாக் செய்ய (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) நினைப்பவர்கள் கவனத்துக்கு

ஏமாற்று நடக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். விற்பவர் தன் மதர்போர்டிலேயே சிப்பைப் பொருத்தி, சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனை நிரலைப் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டுவார். ஸ்கோர் 38,000-ஐ ஒட்டி வரும். திரை உறையாது, நீலத்திரையும் வராது. “ஆறு மாசம்தான் ஓடிச்சு, கேமுக்கு மட்டும்தான்” என்பார். பணம் கைமாறும்.

வீட்டில் கொண்டுபோய்ப் போட்டதும் முதல் கோளாறு என்விடியா டிரைவரை நிறுவும்போது வரும். சுருக்கிய கோப்பு விரியாமல் பாதியில் நிற்கும். அடுத்தது, அன்ரியல் எஞ்சின் என்ற கேம் மென்பொருளில் செய்த ஏதாவது ஒரு கேம். ஷேடர் (காட்சி வரையும் சிறு நிரல்கள்) தொகுக்கும் திரையில் பச்சைக் கோடு முக்கால்வாசி போனதும், வீடியோ மெமரி போதவில்லை என்று சொல்லிக் கேம் மூடிக்கொள்ளும். கிராபிக்ஸ் கார்டில் 24 ஜிபி இருந்தாலும் இதே செய்திதான். வாங்கியவர் கார்டைச் சந்தேகப்படுவார், ரேமைக் கழற்றி மாட்டுவார், விண்டோஸை மறுபடி ஏற்றுவார். ப்ராசசர்தான் காரணம் என்று புரிவதற்குள் விற்றவர் கொடுத்த ஏழு நாள் கெடு முடிந்திருக்கும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் பழுது இருப்பதை 2024 ஜூலையில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. செப்டம்பரில் அதற்கு ‘விமின் ஷிஃப்ட்’ (குறைந்தபட்ச வோல்டேஜ் தேவை நகர்வது) என்று பெயரும் வைத்தது. கணக்குப் போடும் பிரிவான கோருக்குள் கடிகாரத் துடிப்பைக் கொண்டுபோகும் சுற்று, அதிக வோல்டேஜிலும் வெப்பத்திலும் சீக்கிரமே மூப்படைகிறது. அதனால் அதே வேகத்தில் ஓட முன்பைவிடக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படுகிறது. தொழிற்சாலையில் பதித்த வோல்டேஜ் அட்டவணைக்கோ இது தெரியாது. அது பழைய அளவைத்தான் கேட்கும், கோர் தவறான விடை தரும். போர்டு நிறுவனங்கள் மின் வரம்பைத் திறந்துவிட்டது ஒரு காரணம். 13900கே-க்கு வரம்பு 253 வாட். பல இஸட்790 போர்டுகளின் பயோஸில் (போர்டின் அடிப்படை அமைப்பு நிரல்) 4095 வாட் என்று இருந்தது, அதாவது வரம்பே கிடையாது. ப்ராசசருக்குள் ஓடும் நிரலான மைக்ரோகோடே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டது இன்னொரு காரணம். 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோட் திருத்தம் அந்தக் கோரிக்கையை 1.55 வோல்ட்டில் நிறுத்தியது. செப்டம்பரில் வந்த 0எக்ஸ்12பி, சும்மா இருக்கும்போதும் லேசான வேலையின்போதும் வோல்டேஜ் ஏறுவதைச் சரிசெய்தது. 2025 மே மாதம் 0எக்ஸ்12எஃப் வந்தது. இவை எல்லாம் இனிமேல் வரக்கூடிய சேதத்தைத் தடுப்பவை. ஏற்கெனவே தேய்ந்த கோரை எந்த பயோஸும் மீட்காது. “பயோஸ் அப்டேட் பண்ணிட்டேன், இனிப் பிரச்சினை இல்லை” என்று விற்பவர் சொன்னால், எந்தத் தேதியில் செய்தார் என்று கேளுங்கள். 2022 அக்டோபரிலிருந்து 2024 ஆகஸ்ட் வரை ஓடிய சிப் என்றால், அந்தக் காலம் முழுக்கப் பாதுகாப்பே இல்லாமல் ஓடியிருக்கிறது.

சரி, சினிபெஞ்ச் ஏன் இதைக் காட்டிக்கொடுப்பதில்லை? எல்லாக் கோர்களும் ஒன்றாக உழைக்கும்போது 13900கே-யின் பி-கோர்கள் (வேகமான பெரிய கோர்கள்) 5.5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும், மின் வரம்பு இடித்தால் அதற்கும் கீழே இறங்கும். ஓரிரு கோர்கள் மட்டும் வேலை செய்யும்போதுதான் 5.8 வரை ஏறும், 14900கே என்றால் 6.0. வோல்டேஜ் உச்சிக்குப் போவது அங்கேதான், தேய்மானம் முதலில் தலைகாட்டுவதும் பெரும்பாலும் அங்கேதான். முழுச் சுமையில் தாக்குப்பிடிக்கிற சிப், பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும்போது விழுவது இதனால்தான்.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. அந்தக் கடைசி 100 அல்லது 200 மெகாஹெர்ட்ஸ், சிப் 70 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கிடைக்கும். மே மாதம் ஏசி இல்லாத அறையில் சோதித்த சிப் உச்ச வேகத்தைத் தொடாமலே தேறிவிடலாம், மார்கழியில் காலை வாரலாம். சோதனையைக் குளிர்ந்த அறையிலும் ஒருமுறை செய்து பாருங்கள்.

விற்பவர்கள் செய்யும் தில்லுமுல்லுகளில் கண்டுபிடிக்கக் கடினமானது பயோஸில் ஒளிந்திருக்கும். பி-கோர் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியை 53-க்கு (5.3 கிகாஹெர்ட்ஸ்) இறக்கி வைப்பார்கள், இல்லையென்றால் வோல்டேஜில் கூட்டல் ஆஃப்செட் (எப்போதும் சேரும் கூடுதல் அளவு) கொடுத்து, சுமையின்போது வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் லோட்லைனையும் ஏற்றி வைப்பார்கள். தேய்ந்த சிப்பும் அப்படி வைத்தால் ஒழுங்காக ஓடும். அதனால் ஓட்டிக் காட்டுவதற்கு முன் உங்கள் கண்ணெதிரே பயோஸைத் திறக்கச் சொல்லி, ‘இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்’ சுயவிவரத்தை ஏற்றச் சொல்லுங்கள். தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

அடுத்து எஸ்பி எண். “எஸ்பி 110, கோல்டன் சிப்” என்று அசுஸ் போர்டின் பயோஸ் படத்தை அனுப்பி ஐந்தாறாயிரம் கூடுதலாகக் கேட்பார்கள். அந்த எண், சிப்பில் தொழிற்சாலை பதித்த வோல்டேஜ் அட்டவணையை வைத்துப் போர்டு போடும் கணக்கு. சிப் பிறந்தபோது எப்படி இருந்தது என்பதைத்தான் அது சொல்லும். கோர் தேய்ந்த பிறகும் எண் மாறாது. சொல்லப்போனால், எஸ்பி அதிகமுள்ள சிப்பைத்தான் ஓவர்க்ளாக் செய்பவர்கள் அதிகமாக வதைத்திருப்பார்கள்.

காம்போ என்ற பெயரில் இன்னொன்று நடக்கிறது. பெருக்கி திறந்த கே சிப்போடு பி760 போர்டைச் சேர்த்து ‘ஓவர்க்ளாக் செட்’ என்று விற்கிறார்கள். கோர் பெருக்கியை ஏற்ற இஸட்690 அல்லது இஸட்790 வேண்டும். பி660, பி760 போர்டுகளில் ரேம் வேகத்தை மட்டும்தான் ஏற்ற முடியும். ஏஎம்டி பக்கம் ஏ620 போர்டும் இதே கதைதான். ரைசன் 7800எக்ஸ்3டி-யை ஓவர்க்ளாக் சிப் என்று சொன்னால் நம்பாதீர்கள். அதில் பெருக்கி பூட்டியிருக்கும், வோல்டேஜைச் சீரமைக்கும் கர்வ் ஆப்டிமைசரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெருக்கி திறந்து வந்தது 2024 நவம்பரில் வெளியான 9800எக்ஸ்3டி-யில்தான்.

சிப்பைச் சோதிக்க ஒரு ராத்திரி போதும், பத்து நிமிடம் போதாது. முதலில் புதிய பயோஸ், இன்டெல் டிஃபால்ட், எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்த நிலை. எச்டபிள்யூஇன்ஃபோ64 என்ற கண்காணிப்பு நிரலைத் திறந்து மைக்ரோகோட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கோர்சைக்ளர் என்ற சோதனை நிரல். இது ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரை மட்டும் வதைப்பதால் அந்தக் கோர் உச்ச வேகத்துக்குப் போகும். கோருக்கு 6 நிமிடம் வைத்தால் 8 பி-கோர்களுக்கு ஒரு சுற்று 48 நிமிடம். குறைந்தது மூன்று சுற்று விடுங்கள். அது முடிந்ததும், 20 ஜிபி அளவுள்ள ஒரு கோப்புறையை 7-ஜிப்பில் உச்சச் சுருக்கத்தில் சுருக்கி, உடனே அதே நிரலில் ‘டெஸ்ட்’ கொடுங்கள். பத்து முறை செய்யுங்கள். ஒரே ஒரு முறை சிஆர்சி பிழை (தரவு மாறிவிட்டது என்ற எச்சரிக்கை) வந்தாலும் சிப் தேறவில்லை என்று பொருள். பத்தில் ஒன்பது சரி என்ற கணக்கு இங்கே செல்லாது. விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற வன்பொருள் பிழைப் பதிவுகளையும் பாருங்கள். எண் 19 என்று மஞ்சள் முக்கோணத்தோடு வருபவை, திருத்திக்கொண்ட பிழைகள். ஓவர்க்ளாக் எதுவும் செய்யாத நிலையில் அவை வரவே கூடாது. இவ்வளவும் தேறிய பிறகுதான் எக்ஸ்எம்பி. அதை முதலிலேயே போட்டுவிட்டால் பிழை ரேமுடையதா, சிப்புடையதா என்று பிரிக்க முடியாமல் போகும்.

எப்போது வாங்குவது என்பதில் பழைய அறிவுரை ஒன்று இன்னும் சுற்றுகிறது: “காத்திரு, புது ஸ்டெப்பிங் (அதே சிப்பின் திருத்திய பதிப்பு) வரும், விலையும் இறங்கும்.” 2007-ல் அது உண்மை. இன்டெல் க்யூ6600-ன் ஜி0 ஸ்டெப்பிங் 105 வாட்டிலிருந்து 95-க்கு இறங்கியது, அந்த ஆண்டு ஜூலையில் விலையும் 266 டாலருக்கு விழுந்தது. 1998-ன் செலரான் 300ஏ-வில் பஸ் வேகத்தை (போர்டு சிப்புக்குக் கொடுக்கும் அடிப்படைத் துடிப்பு) 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 450 மெகாஹெர்ட்ஸ், அதாவது பாதிக்குப் பாதி லாபம். அன்று தொழிற்சாலை வேகத்தில் மிச்சம் வைத்துவிட்டுப் போனது. இன்று 14900கே 6 கிகாஹெர்ட்ஸில் வருகிறதென்றால் மிச்சத்தை எல்லாம் தொழிற்சாலையே வழித்தெடுத்துவிட்டது. நமக்குக் கிடைப்பது சில நூறு மெகாஹெர்ட்ஸ், அதற்கு விலை சிப்பின் ஆயுள்.

வெளியான முதல் வாரம் வாங்குவதும் வேண்டாம். ரைசன் 7000எக்ஸ்3டி சிப்புகள் 2023 ஏப்ரலில் சாக்கெட்டோடு கருகிய பிறகுதான் எஸ்ஓசி (ரேமைக் கையாளும் பகுதி) வோல்டேஜை 1.3-ல் நிறுத்தும் பயோஸ் வந்தது. நாலைந்து மாதம் பொறுப்பது அந்த மாதிரி ஆபத்துக்கு உதவும். ஆனால் இன்டெல் விஷயம் வெளியே வரக் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு பிடித்தது, பொறுமை மட்டும் யாரையும் காப்பாற்றியிருக்காது. அதனால் நாள் பார்ப்பதைவிட இரண்டு விஷயம் பாருங்கள்: வாரண்டி எவ்வளவு பாக்கி, திருப்பித் தரும் கெடுவுக்குள் மேலே சொன்ன சோதனை முடியுமா. அடுத்த தலைமுறை வெளியாகும் வாரத்தில் செகண்ட் ஹேண்ட் விலை சரியும். வதைத்து முடித்த சிப்புகள் சந்தைக்கு வருவதும் அந்த வாரம்தான்.

பழுதுள்ள மாடல்களின் பாக்ஸ் சிப்புகளுக்கு இன்டெல் இரண்டு ஆண்டு கூட்டி ஐந்து ஆண்டு வாரண்டி தந்தது. 2022 அக்டோபரில் வாங்கியதற்கு 2027 அக்டோபர் வரை இருக்கிறது. ஆனால் அது சீல் பிரித்து வாங்கியவருக்கு உரியது, எனவே அசல் பில் இல்லாமல் வாங்காதீர்கள். வரம்புக்கு மேல் ஓட்டியதால் வந்த சேதத்தை வாரண்டி ஏற்காது. பெட்டியில்லாமல் மொத்தமாக வரும் ட்ரே சிப்புக்கு இன்டெல்லிடம் நேரே போக முடியாது, விற்றவரிடம்தான் போக வேண்டும். சிப்பின் உலோக மூடியில் பொறித்த எஃப்பிஓ எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) பாக்ஸ் லேபிளில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். அதன் இரண்டாம் எழுத்து ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த இரண்டும் வாரம். 2-க்குப் பின் 40 என்றால் 2022-ன் 40-ஆம் வாரம். விற்பவர் “2024-ல் வாங்கினது” என்று சொன்னாலும் சிப் எப்போது தயாரானது என்பதை இந்த எண் சொல்லும். எஃப்பிஓ, ஏடிபிஓ (ஒவ்வொரு சிப்புக்குமான வரிசை எண்) இரண்டையும் இன்டெல் வாரண்டிப் பக்கத்தில் போட்டுப் பார்த்த பிறகே பணம் எடுங்கள்.

குறைந்த செலவில் ஓவர்க்ளாக் கற்றுக்கொள்ளத்தான் ஆசை என்றால் 12600கே அல்லது 12700கே போதும். 12-ஆம் தலைமுறையில் இந்தப் பழுது இல்லை, அதே எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டு ஏற்கும்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் வோல்டேஜை ஏற்றிச் சமாளிக்காதீர்கள், தேய்மானம் இன்னும் வேகமாகும். டிஃபால்ட்டில் வைத்து, பிழைத் திரைகளைத் தேதியோடு படம் எடுத்து, அசல் பில் இருந்தால் உடனே வாரண்டிக்கு விண்ணப்பியுங்கள். கடையில் பில்லோடு வாங்கி, கடை கை விரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லில் எஃப்பிஓ, ஏடிபிஓ எண்கள் எழுதியிருந்தால், “இது நாங்க வித்த சிப்பே இல்லை” என்று கடைக்காரர் சொல்ல முடியாது.