ராணி எறும்பு வளர்க்க டெஸ்ட் டியூப் போதுமா?

தாராளமாகப் போதும். மழை ஓய்ந்த ஒரு மாலை வேலூர் சத்துவாச்சாரியில் தெருவிளக்கடியில், சிறகு உதிர்த்த கட்டெறும்பு ராணி கிடைத்தாள். அவளுக்காக லாங் பஜார் பக்கம் லேப் சாமான் விற்கும் கடையில் 25க்கு 150 மில்லிமீட்டர் கண்ணாடி டியூப் வாங்கினேன். கடைக்காரர், "எறும்புக்கா? அப்போ பஞ்சும் எடுத்துட்டுப் போ தம்பி" என்றார். அக்கறையான மனிதர்.

மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்து இறுக்கமாகப் பஞ்சு, அப்புறம் ராணி, டியூப் வாயில் இன்னொரு பஞ்சு. முதல் வேலைக்கார எறும்புகள் வரும்வரை தீனியே வேண்டாம். பறக்க உதவிய தசைகளையும் உடம்பின் கொழுப்பையும் கரைத்துத்தான் முட்டையிலிருந்து வரும் புழுக்களுக்கு ஊட்டுவாள். கண்ணாடி தெளிவாக இருப்பதால், வெள்ளை முட்டைகளைக் கொத்தாக வாயில் தூக்கி இடம் மாற்றுவதைக்கூடப் பார்க்க முடிகிறது. மனசு நிறைந்துவிடும். ஆனால் அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. கலவரப்பட்டால் முட்டையைத் தானே தின்றுவிடுவாள்.

குறை என்றால், டியூப் உருள்கிறது. இரண்டு பக்கமும் துணி வைத்துச் செருப்புப் பெட்டிக்குள் இருட்டில் வைத்தேன். வேலூர் கத்திரி வெயிலுக்கு மாடி அறை வேண்டவே வேண்டாம். கீழ் வீட்டில், தரையோரம் நல்லது.

ஆன்லைனில் விற்கும் பெரிய அக்ரிலிக் கூட்டை இப்போதே வாங்காதீர்கள். தனி ராணிக்கு அவ்வளவு இடம் ஆகாது. முதல் எறும்புகள் சின்னதாகத்தான் பிறக்கும். அவற்றுக்கு ஒரு துளி சர்க்கரைத் தண்ணீரும் நசுக்கிய கொசுவும் போதும்.