கோட்டை உலாவுக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பிள்ளைகளோடு ஒருநாள் 'ராஜா காலத்துக் கோட்டை உலா' போகலாம் என்று நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். நான் ஆளுக்கு 1,850 ரூபாய் வீதம் மூன்று பேருக்கு 5,550 ரூபாய் கட்டி, போன திங்கட்கிழமை போய்விட்டு வந்தேன். காலாண்டு லீவு முடிவதற்குள் இன்னும் பல பேர் பணம் அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்த விளம்பரப் படம். நாலு மூலையிலும் உயர்ந்த வட்டக் கோபுரம், சுற்றிலும் அகழி, சங்கிலியில் இறங்கும் மரப்பாலம், உச்சியில் சிவப்புக் கொடி. ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் இடைக்காலக் கோட்டை. அதன் கீழே 'இந்த அனுபவம் இப்போது நம்ம குமரியில்' என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறான். எந்த நோட்டை எடுத்தாலும் கடைசிப் பக்கங்களில் கோட்டைதான் வரைந்து வைத்திருப்பான். படத்தைப் பார்த்ததும், "அத்தை, இது நம்ம ஊர்லயா இருக்கு?" என்று கேட்டான். நம் ஊரில் அப்படி ஒன்று கிடையாது என்று எனக்குத் தெரியும். அழகுக்காக ஏதோ படம் போட்டிருக்கிறார்கள், காட்டப்போவது நம் கோட்டைகளைத்தானே என்று இருந்துவிட்டேன்.

நம் கோட்டைகளைச் சொல்ல அந்தப் படம் தேவையே இல்லை. உயரமான கோபுரம் வைத்த கோட்டைகள் பீரங்கிக்கு முந்தைய காலத்துக்கு உரியவை. புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டையும் அஞ்சுகிராமம் பக்கத்து வட்டக்கோட்டையும் இன்றைய வடிவத்துக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டில், திருவிதாங்கூர் காலத்தில். 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. அதில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவிடமே சேர்ந்து, படையைப் பழக்கி, இந்தக் கோட்டைகளைப் பலப்படுத்தினார். பீரங்கிக் குண்டைத் தாங்க வேண்டிய மதில்கள் என்பதால் உயரத்தைவிடத் தடிமனுக்கே முக்கியத்துவம். இதைப் பிள்ளைகளுக்கு அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்ல ஒருவர் இருந்தால் 1,850 ரூபாய் எனக்குப் பெரிதாகவே தெரிந்திருக்காது.

பேக்கேஜில் சொன்னவை இவை: பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரிக் கோட்டை, வட்டக்கோட்டை, கவசமும் வாளும் அணிந்து போட்டோ, வில்வித்தை, ஆசான் ஒருவரின் அடிமுறை (நம் ஊர்த் தற்காப்புக் கலை) விளக்கம், மணக்குடிக் காயலில் துடுப்புப் படகு, மதியம் மீன் சாப்பாடு. முழுப் பணத்தையும் ஜிபேயில் முன்கூட்டியே அனுப்பச் சொன்னார்கள். ரசீது கேட்டதற்கு, "ஸ்கிரீன்ஷாட் போதும் மேடம்" என்று பதில் வந்தது.

காலை எட்டு மணிக்கு வடசேரியில் நிற்கச் சொன்னார்கள். வேன் வந்தபோது ஒன்பதே முக்கால். 14 பேர் உட்காரும் வேனில் 19 பேர். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தக்கலை தாண்டி அரண்மனை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால் கதவு பூட்டிக் கிடக்கிறது. எதிரே கடை வைத்திருந்த பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை கொட்டாரம் தொறக்காதுல்லா மக்கா, தெரியாதா?" என்றார்.

பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது நம் மாவட்டத்தில். பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. திங்கட்கிழமை விடுமுறை. எனக்கும் இது தெரிந்த விஷயம்தான், ஆனால் விடுமுறைக் குழப்பத்தில் கிழமையை யோசிக்கவில்லை. அதையே தொழிலாகச் செய்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். "சில நேரம் திறப்பாங்க மேடம், இன்னிக்கு நம்ம நேரம் சரியில்ல" என்றார். ஆறு குடும்பங்கள் வாசலில் நின்று கதவோடு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம். முட்டை வெள்ளையும் சிரட்டைக்கரியும் கலந்து இழைத்த தரை கண்ணாடி மாதிரி இருக்கும் என்று முந்தின நாள் ராத்திரி பிள்ளைகளிடம் அவ்வளவு சொல்லி வைத்திருந்தேன்.

அடுத்து உதயகிரி. வனத்துறை இப்போது அதைப் பூங்காவாக வைத்திருக்கிறது. சுமார் 90 ஏக்கர், நடுவில் ஒரு குன்று, பழைய பீரங்கி வார்ப்படச் சாலையின் மிச்சம், கூரையில்லாத தேவாலயத்துக்குள் டிலனாயின் கல்லறை. அரை நாள் வேண்டிய இடம். எங்களுக்குக் கிடைத்தது 25 நிமிடம். வழிகாட்டி என்று வந்த பையன் கல்லறை முன்னால் நின்று, "இது இங்கிலீஷ்காரத் துரை கட்டின கோட்டை, அவரோட சமாதி இது" என்றான். என் மகள் ஏழாம் வகுப்பு. "குளச்சல்ல தோத்தது டச்சுக்காரங்கதானே அண்ணா?" என்று மெதுவாகக் கேட்டாள். "எல்லாம் ஒண்ணுதான் பாப்பா" என்று சொல்லிவிட்டு அவன் வேன் பக்கம் நடந்தான். அந்தக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து இருக்கிறது. 1777இல் இறந்த ஒரு மனிதனைப் பற்றி நம் தமிழில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதை ஒரு பிள்ளை விரலால் தொட்டு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட நேரம் கொடுக்காமல் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்கள். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

கவசம் போட்டது கோட்டைக்கு வெளியே, ரோட்டோரம். பேக்கேஜில் சேர்த்தி என்றவர்கள், அங்கே வந்ததும் வாடகை 150 என்றார்கள். தகரத்தை வெட்டி வெள்ளிப் பெயின்ட் அடித்த மார்க்கவசம் அது. கழுத்துப் பக்க விளிம்பை மடிக்கவே இல்லை, கத்தரித்தபடி விட்டிருந்தார்கள். மருமகன் ஆசையாகப் போட்டுக்கொண்டு தலையைத் திருப்பினான், அவ்வளவுதான். கழற்றியபோது காதுக்குக் கீழே விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு, அதில் ஓரிடத்தில் ரத்தம். "அத்தை, வலிக்கல" என்று கண்ணில் நீரோடு சொன்னான். வேனில் முதலுதவிப் பெட்டி இல்லை. புலியூர்க்குறிச்சியில் மருந்துக்கடை தேடிப் போய்க் கழுவி மருந்து போட்டு, மறுநாள் டிடி ஊசியும் போட்டோம்.

மீன் சாப்பாட்டுக்குப் பதில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். ஆசான் வரவே இல்லை. அடிமுறையும் வர்மமும் இன்றைக்கும் களரி வைத்துச் சொல்லிக்கொடுக்கிற மாவட்டம் இது. உண்மையான ஆசானைக் கூப்பிட்டு உரிய மரியாதையும் பணமும் கொடுத்தால் அவருக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும். அவர்கள் பெயரை வைத்து விளம்பரம் மட்டும் செய்கிறார்கள்.

மணக்குடியில் நடந்ததைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பழையாறு கடலில் சேரும் இடம் அது. பொழி, அதாவது காயல் கடலோடு சேரும் வாய், திறந்திருக்கும்போது கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் காயலுக்குள்ளும் நீரோட்டம் மாறும். 19 பேருக்கு ஆறு லைஃப் ஜாக்கெட். நான் கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டில் பக்கிள் உடைந்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. சிறுவர் அளவில் ஒன்றுகூட இல்லை. "இடுப்பளவு தண்ணிதான் மேடம், ஜாக்கெட்டே வேண்டாம்" என்றார் ஏற்பாட்டாளர். இடுப்பளவு என்றால் யாருடைய இடுப்பு? ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது நெஞ்சுக்கு மேல். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனதை இந்த மாவட்டம் மறந்துவிட்டதா? கள்ளக்கடல், அதாவது முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று கடல் பொங்குவது, அதற்கு எச்சரிக்கை இருந்த நாள் அது. நீச்சல் தெரிந்த பெரியவர்களே நம் கடலை நம்பி இறங்க மாட்டார்கள். நான் பிள்ளைகளை ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என்னோடு இன்னும் இரண்டு குடும்பம் கரையிலேயே நின்றுகொண்டது. "நீங்களா வேண்டாம்னு சொன்னீங்க, இதுக்குப் பணம் திரும்பாது" என்று அங்கேயே சொன்னார்.

வட்டக்கோட்டைக்குப் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. மூடும் நேரம் என்று காவலர் அவசரப்படுத்தினார். பீரங்கியை மேலே ஏற்றுவதற்குப் போட்ட சாய்தளத்தில் பிள்ளைகள் இருவரும் ஓடி ஏறினார்கள். மேலே காற்று, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, காற்றாலைகள். அன்றைக்கு அவர்கள் முகம் மலர்ந்தது அந்த இருபது நிமிடம்தான், அதில் ஏற்பாட்டாளர் செய்தது எதுவும் இல்லை. வில்வித்தை கோட்டைக்குள் என்று சொல்லியிருந்தார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் நிகழ்ச்சி நடத்த முன் அனுமதி வேண்டும், யாரும் வாங்கவில்லை என்று காவலர் சொன்னார். அப்புறம் வெளியே தென்னந்தோப்பில் பிவிசி குழாயை வளைத்து நைலான் கயிறு கட்டிய வில்லைக் கொடுத்து ஆளுக்கு மூன்று அம்பு விடச் சொன்னார்கள். இலக்குக்குப் பின்னால் ஆள் நடக்கும் வழி. ஒரு கயிறுகூடக் கட்டித் தடுக்கவில்லை.

மறுநாள் பாதிப் பணமாவது திருப்பித் தாருங்கள் என்று எழுதினேன். இரண்டு டிக் விழுந்தது. மாலையில் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

பணம் அனுப்பும் முன் கிழமையைப் பாருங்கள், திங்கள் என்றால் அரண்மனை கிடையாது. எந்தெந்த இடத்தில் எவ்வளவு நேரம் என்று எழுத்தில் கேளுங்கள். படகு உண்டு என்றால் உங்கள் பிள்ளையின் அளவுக்கு ஜாக்கெட் இருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். முழுப் பணமும் முன்பணமாகக் கேட்டால் விட்டுவிடுங்கள். சொல்லப்போனால் இதற்கு ஏற்பாட்டாளரே வேண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் பஸ் ஏறினால் அரண்மனையும் உதயகிரியும் ஒன்றுக்கொன்று பக்கம்தான், ஒரு நாளைக்குச் சரியாக இருக்கும். வட்டக்கோட்டையைக் கன்னியாகுமரி போகும் இன்னொரு நாளில் வைத்துக்கொள்ளலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாம் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். அன்றைக்கு அதே வேனில் வந்த மார்த்தாண்டம் குடும்பமும், கைக்குழந்தையோடு வந்த தம்பதியும் இதைப் பார்த்தால் தயவுசெய்து விளம்பரத்தையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் அழித்துவிடாதீர்கள். ஜாக்கெட்டுகளை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். உங்களுக்கும் தருகிறேன்.