பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கைப்பையைப் பார்த்து வாங்குங்கோ

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் அக்காவும் தங்கையும் சேர்ந்து இழைக்கும் பனையோலைச் சாமான்களில் அக்காவின் கூம்பு வடிவ நீத்துப்பெட்டிக்கே முதலிடம். சாயமில்லாத சார்வோலை (இளம் பனையோலை), ஒரே சீராக வார்ந்தது. கூம்பின் நுனியில் ஓலை விலகினால் பிட்டுமா பானைக்குள் கொட்டுண்டுபோகும். இதில் அந்தக் கரைச்சல் இல்லை. முதலில் ஒருதரம் வெறும்பெட்டியை அவித்தெடுங்கோ, பச்சை ஓலைமணம் போகும். ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சணம்தான்.

தங்கையின் கத்தரிப்பூநிறக் கைப்பை வடிவு, ஆனால் பிடி பலவீனம். மெசின் ஊசி ஓலையை வரிசையாகத் துளைப்பதால், பாரம் ஏற அந்த வரியிலேயே கிழியும். கடகப்பெட்டி விளிம்புபோல நாரால் பொத்தித் தரக் கேளுங்கோ. நனைந்த வெள்ளைத்துணியால் தேய்த்துச் சாயம் இறங்குதா என்றும் பாருங்கோ. மாரியில் ஓலை காயாது, ஓடரை முன்கூட்டியே கொடுங்கோ.